பால் குகைக்கு நேர்ந்துகொண்டது

பெத்லகேமில் ஒரு குகை இருக்கிறது. ஏரோது அரசனுக்குப் பயந்து எகிப்துக்கு ஓடும் வழியில் மாதா அங்கே ஒதுங்கிக் குழந்தைக்குப் பால் கொடுத்ததாகவும், ஒரு துளி தரையில் சிந்தியதில் பாறை முழுவதும் வெளுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். அந்த வெள்ளைப் பாறையின் பொடியைப் பாலில் கலந்து குடித்தால் வயிற்றில் பிள்ளை தங்கும் என்பது நம்பிக்கை. நான் கணக்குப் பாடம் நடத்திய டீச்சர். சுண்ணாம்புப் பாறை இயல்பிலேயே வெள்ளை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் குடித்தேன்.

அப்போது எனக்குத் திருமணமாகி ஐந்து வருடம். திண்டிவனத்தில் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் புனித நாட்டுக்குப் போய்வந்தபோது ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். அதிலிருந்து அரைத் தேக்கரண்டி எனக்குக் கொடுத்தார். ஒன்பது நாள் செபம் சொல்லி, ஒன்பது நாளும் துளித்துளியாகக் குடித்தேன். கடைசி நாள் கோயிலில் முழங்காலில் இருந்தபடி நேர்ந்துகொண்டேன். எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அதற்கு இரண்டு வயது முடிவதற்குள் என் காலால் அந்தக் குகைக்குப் போய் நன்றி சொல்கிறேன்.

நேர்ந்துகொள்ளும் பொருத்தனைக்குக் கெடு வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். கெடு இல்லாத பொருத்தனையை மாதா கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டாள் என்பார் என் நாத்தனார். நான் ஏன் இரண்டு வயது என்று வைத்தேன்? இரண்டு வருடம் என்பது தாராளமாகத் தெரிந்தது. குழந்தை எத்தனை மாதம் பால் குடிக்கும், எப்போது நிறுத்தும் என்பதெல்லாம் பிள்ளையில்லாத ஒருத்தியின் தலைக்குள் வரவில்லை.

மகள் பிறந்து ஒரு வயது ஒன்பது மாதம் ஆகியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில் பங்குத்தந்தை அறிவிப்பு வாசித்தார். பெத்லகேம், எருசலேம், எகிப்தின் பழைய துறவு மடங்கள். பதினோரு நாள். விழுப்புரம், கண்டாச்சிபுரம் பக்கத்துப் பங்குகளும் சேர்ந்து போகிறார்கள். கைக்குழந்தைகளை அழைத்துவர முடியாது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். என் கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"பால் குடிக்கிற புள்ளய பதினோரு நாளு வுட்டுட்டா?"

அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், அடுத்த வீடு. எங்கள் பேச்சு அவர் வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக அவருக்குக் கேட்டுவிடும். ஈரக் கையோடு வந்தார்.

"நிறுத்திட்டா குடிக்காத புள்ள. அவ்ளோதான? நான் பாத்துக்கிறேன்."

"ரெண்டு வயசு வரைக்கும் கொடுக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க அண்ணி" என்றேன்.

"கெடு வச்சது டாக்டரா, நீயா? ரெண்டு வயசுன்னு எந்த டீச்சரு கணக்குப் போட்டுச்சு? மாதாகிட்ட வாய்தா வாங்கப் போறியா?"

கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ராத்திரி வரை அது எனக்குள் முள்ளாகக் கிடந்தது. போகாமல் விட்டால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அந்தப் பயத்துக்காகப் போவது நன்றி ஆகுமா என்ற சந்தேகம் இன்னொரு பக்கம். இவை இரண்டையும் விட்டுவிட்டுப் பார்த்தால், எனக்குப் போக ஆசையாக இருந்தது. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. கர்ப்பமாக இருந்த மாதங்களில் அந்தக் குகையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். பாலைவனத்தில் முதன்முதலாகத் தனித்துப் போய் உட்கார்ந்த துறவிகளைப் பற்றியும் படித்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒருத்தியின் பாதையிலேயே பிறகு மடங்களாகக் கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. வடிகஞ்சி ஆறும்போதுகூட அந்த இடங்களை நினைத்துக்கொண்டு நிற்பேன்.

பெயர் கொடுத்தேன். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு பால் மறக்கடிக்கத் தொடங்கினேன்.

வேப்பிலையை நாத்தனாரே அரைத்து, மார்பில் தடவக் கொடுத்தார். முதல் முறை மகள் வாய் வைத்ததும் எடுத்துவிட்டாள். அழவில்லை. நாக்கை வெளியே நீட்டியபடி என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தவள்போல என் மார்பைத் தடவிக் கொடுத்தாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். மூன்றாம் நாள் அவளே "கச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். நாத்தனார் மல்லிகைச் சரத்தை என் மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும். நான்கு நாள் கல்யாண மண்டபம்போல மணத்துக்கொண்டு, காய்ச்சலோடு படுத்திருந்தேன்.

அதற்குப் பிறகுதான் பெத்லகேம் பக்கம் சண்டை தொடங்கியது. டிவியில் இடிந்த கட்டடங்களுக்கு நடுவே தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என் பொருத்தனையைப் பற்றி நினைக்கவே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தேன். பயணம் ஒத்திவைக்கப்பட்டதாகக் கோயிலில் சொன்னார்கள். எப்போது என்று தெரியாது, நடக்காமலும் போகலாம்.

அன்று மதியம் கணவர் வேலைக்குப் போயிருந்தார். கதவைச் சாத்திவிட்டு, மார்பைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மகளை மடியில் போட்டுக்கொண்டேன். அவள் உடனே குடிக்கவில்லை. சுட்டுவிரலால் தொட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் குடித்தாள்.

மறந்த பாலைத் திரும்பக் கொடுத்தால் பிள்ளைக்குக் கண்ணு பொல்லாததாகிவிடும், அது பார்த்ததெல்லாம் திருஷ்டி பட்டுப்போகும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அதை நான் நம்பவில்லை. ஆனால் நாத்தனாருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தேன். ஆகவே தினமும் மதியம் ஒரே ஒரு வேளை, கதவு சாத்தி, ஒரு காதை வெளிக்கேட்டில் வைத்துக்கொண்டு கொடுத்தேன். பத்து நாள் இப்படிப் போயிற்று.

பதினொன்றாம் நாள் பங்குத்தந்தை போன் செய்தார். பெத்லகேமும் எருசலேமும் இல்லை. எகிப்து மட்டும், எட்டு நாள், அடுத்த வாரம்.

"குகை இல்லையே ஃபாதர்" என்றேன்.

"அந்தத் தாய் புள்ளய தூக்கிக்கினு எங்க ஓடுனாங்களோ அங்கதான் போறோம்மா. குகையில ஒரு நாளு நின்னாங்க. எகிப்துல வருசக்கணக்கா இருந்தாங்க. யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன் என்று சொன்னால் பொய். சரி என்றுதான் வாயில் வந்தது. மறுபடியும் வேப்பிலை அரைத்தேன். இந்த முறை நானே அரைத்தேன். மகள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். வைத்ததும் என்னைப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டாள். முதல் முறை என் மேல் பரிதாபப்பட்டவள் இரண்டாம் முறை ஒன்றும் கேட்கவில்லை.

சென்னை விமான நிலையத்தில் சோதனை செய்த பெண் காவலர் என் ரவிக்கையருகே கையை நிறுத்தி, "உள்ள இன்னாம்மா?" என்றார். பூ என்றேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "எத்தனை மாசம் புள்ள?" என்று கேட்டு, தோளைத் தட்டி அனுப்பிவிட்டார்.

எனக்கு அறைத் தோழியாகக் கண்டாச்சிபுரத்து அக்கா ஒருவரைப் போட்டிருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். சொந்தத் தையல் கடை. அவர் வந்ததே அந்தக் குகைப் பொடிக்காகத்தான். மருமகளுக்கு நான்கு வருடமாகக் குழந்தை இல்லை.

"பெத்லகேம் இல்லன்னு ஃபாதர் சொல்லும்போது எனக்கு எப்டி இருந்துச்சு தெரியுமா? தலைவாழ இல போட்டு, சோறு இல்லன்னு சொன்ன மாதிரி. ஆனா பாஸ்போர்ட்டு எடுத்தாச்சு, ஊரு பூரா சொல்லியாச்சு. எப்டி போவாம இருக்கறது?"

பழைய கெய்ரோவில் ஒரு கோயிலின் அடியில், திருக்குடும்பம் தங்கியதாகச் சொல்லும் சின்ன நிலவறையைப் பார்த்தோம். அங்கே மண்டியிட்டு, "இதைக் குகையாக எடுத்துக்கொள்" என்று மாதாவிடம் கேட்டேன். எழுந்ததும் சந்தேகம் வந்தது. ஒரு இடத்துக்கு நேர்ந்துகொண்டு இன்னொரு இடத்தில் செலுத்த முடியுமா? நம் ஊரில் மயிலத்துக்கு நேர்ந்துகொண்ட மொட்டையைத் திருத்தணியில் அடித்தால் ஒத்துக்கொள்வார்களா?

மூன்றாம் நாள் செங்கடல் பக்கத்து மலையடியில், வனத்து அந்தோனியாரின் மடம். துறவிகளுக்கெல்லாம் தகப்பன் என்று அவரைச் சொல்கிறார்கள். மணி நேரக் கணக்கில் மணலையே பார்த்துக்கொண்டு பேருந்தில் போனோம்.

"இன்னாப்பா இது" என்றார் அக்கா. "வனத்து அந்தோனியாரு, வனத்து அந்தோனியாருன்னு சின்ன வயசுலேர்ந்து கும்பிட்டுக்கினு வரேன். காடுன்னு நெனச்சேன். ஒரு முள்ளுச்செடி கூடக் காணோமே! பாவம், அந்த மனுசன் ஒதுங்க நெழலு ஏது?"

பேருந்தே சிரித்தது. பங்குத்தந்தைக்குத் தொண்டை கட்டியிருந்தது. கரகரத்த குரலில், "வனாந்தரம்மா, வனாந்தரம்" என்றார்.

தினமும் மாலையில் வீட்டுக்கு வீடியோ அழைப்பு. மகள் போனைப் பார்த்துச் சிரிப்பாள், ஓடிவிடுவாள். நாத்தனார் முகம்தான் திரை முழுவதும் இருக்கும்.

"ஒண்ணுமே கேக்கல. கேப்பக் கூழு ரெண்டு டம்ளரு குடிக்கிது. பேஜாரே இல்ல. நீ அங்க நிம்மதியா செபம் பண்ணு."

"என்னத் தேடலியா அண்ணி?"

"தேடினா நல்லாருக்குமா? ஆள பாரு!"

கேட்கவில்லை என்பது நல்ல செய்திதான். கட்டிலில் உட்கார்ந்து போனை வெறித்துக்கொண்டிருந்தேன். அவள் அழவேண்டும் என்று விரும்புகிற தாய் என்ன தாய்? அக்கா எதிர்க் கட்டிலிலிருந்து, "நீ ஒண்ணு, அழுதா ஏன் அழுவுதுன்னு அழுவ. அழலன்னா ஏன் அழலன்னு அழுவ. வா, அந்த அவரைக்காப் பருப்புக் கொழம்பத் திங்கலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

கடைசிக்கு முந்தைய நாள் நத்ரூன் பள்ளத்தாக்குக்குப் போனோம். திருக்குடும்பம் அந்த வழியாகவும் நடந்ததாகச் சொல்கிறார்கள். பழைய மடங்கள் சில அங்கே இருக்கின்றன, உயரமான மண்நிறச் சுவர்களுக்குள். நாங்கள் போன மடத்தில், தலையில் சிலுவைகள் தைத்த கறுப்புக் குல்லாய் அணிந்த துறவி ஒருவர் வரவேற்றார். கோயிலுக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றச் சொன்னதும் அக்காவுக்குச் சந்தோசம். "நம்ம ஊரு மரியாத இங்கியும் இருக்கு."

துறவி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். பங்குத்தந்தைக்குக் குரலே வரவில்லை. என்னைப் பார்த்து, சொல் என்று சைகை காட்டினார். டீச்சர் வேலையை விட்டு இரண்டு வருடமாகிவிட்டது. நாற்பது பேருக்கு முன்னால் நின்று பேசியது முதல் ஐந்து நிமிடம் எனக்கு நன்றாகவே இருந்தது.

"சுவரில் பல அடுக்காகப் பூச்சு இருந்ததாம். மேல் பூச்சை மெதுவாக எடுத்தபோது அடியில் பழைய ஓவியங்கள் தெரிந்தனவாம். ஆயிரம் வருடத்துக்கும் முந்தியவையாம்" என்று சொல்லிக்கொண்டே போனேன். துறவி ஒரு அரைத் தூணைக் காட்டினார். அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. ஒரு கையால் மார்பை எடுத்துக் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பால் கொடுக்கும் மாதா" என்றேன்.

அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. பெரிய கண்கள், நேராக எங்களைப் பார்த்தன. எனக்கு அவள் பார்ப்பதாகத் தோன்றவில்லை, கேட்பதாகத் தோன்றியது. பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒரு காதை வைத்துக்கொண்டு அவசரமாகக் கொடுக்கிறாள். அந்தக் காலத்து ஓவியர்கள் எல்லாரையுமே அப்படித்தான் நேராகப் பார்க்க வைத்து வரைந்தார்களோ என்னவோ. துறவி அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்தப் பத்தாம் நாள் மதியம் ஞாபகம் வந்தது. அதுதான் கடைசி என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வெளிக்கேட்டின் சத்தத்துக்குக் காதுகொடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். மகளின் முகத்தைப் பார்த்திருப்பேன். கண் மூடியிருந்தாளா, திறந்திருந்தாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மார்பில் சுருக்கென்றது. இரண்டு வாரமாக வற்றிவிட்டது என்று நினைத்திருந்த பால் ஊறி, ரவிக்கையை நனைத்து, முந்தானையில் வட்டமாகப் பரவியது. நாற்பது பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அக்காதான் முதலில் கண்டுகொண்டார். தன் சால்வையை எடுத்து என் மேல் போர்த்தி, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "அவ்ளோதான். படத்தப் பாத்தாலே தெரியுது இல்ல? புள்ளைக்குப் பால் குடுக்குறாங்க. இதுக்கு இன்னா மொழிபெயர்ப்பு? நடங்க, நடங்க ஜல்தி!"

துறவிக்குப் புரிந்திருக்குமா தெரியாது. அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு எல்லாரையும் முற்றத்துக்கு அழைத்துப் போனார். நான் தூணருகே கொஞ்ச நேரம் நின்றேன். நன்றி என்று சொல்ல வந்தவள்தான். "என் மகள் என்னை மறந்துவிட்டாளா என்று பார்த்துச் சொல்லு" என்று கேட்டேன். நன்றி சொல்ல மறந்துவிட்டேன் என்பது வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான் உறைத்தது. திரும்பப் போகலாமா என்று யோசிப்பதற்குள் அடுத்த கூட்டம் உள்ளே நுழைந்துவிட்டது.

முற்றத்தில் ஒரு மரத்தடியில் எல்லாரும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். புளியமரம். சந்தேகமே இல்லை, நம் நெடுஞ்சாலைப் புளியமரம். பழங்காலத் துறவி ஒருவர் ஊன்றிவைத்த கோல் துளிர்த்து இப்படி வளர்ந்ததாக அவர்கள் நம்புகிறார்கள். அக்கா உதிர்ந்த கொழுந்தை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"புளிப்பு! அதே புளிப்பு! எங்கியோ மணல்ல கொண்டாந்து நட்டு வச்சிக்கீறாங்க பாரு."

துறவி சிரித்தபடி சிலுவை முத்திரை குத்திய வட்ட ரொட்டிகளைப் பங்கிட்டுக் கொடுத்தார். அக்காவின் கையில் மட்டும் இரண்டு காய்களைப் பறித்து வைத்தார். பேருந்தில் ஏறியதும் அக்கா அவற்றைக் கைக்குட்டையில் முடிந்து, என்னிடம் ஒரு காகிதம் நீட்டினார்.

"நீ எழுத்து அழகா எழுதுவ. 'பெத்லகேம் பால் குகை'ன்னு எழுதிக் குடு. மருமவளுக்கு."

"குகைக்கு நாம போகலியே அக்கா."

"எனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணுக்குத் தெம்பு வரும் இல்ல?"

பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். பொய் எழுத எனக்குப் பயம். எழுதாவிட்டால் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவேண்டியதைத் தடுத்தவள் ஆவேனோ என்றும் பயம். அரைத் தேக்கரண்டிப் பொடி மட்டும் எங்கிருந்து வந்தது என்று நான் விசாரித்தா குடித்தேன்? கடைசியில், "எகிப்து. மாதா பிள்ளையோடு நடந்த வழியில் இருந்த மரம்" என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இது இன்னும் நல்லாத்தான் இருக்கு. ஒரு எடத்துல நிக்காம நடந்துக்கினே இருக்குற மாதிரி."

ஊர் திரும்பியபோது காலை பத்து மணி. நாத்தனார் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். புதுக் கவுன் போட்டு, நெற்றியில் பொட்டுவைத்து நிறுத்தியிருந்தார். மகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கையை நீட்டினேன், வந்தாள். கழுத்தில் முகத்தை வைத்து மோந்து பார்த்தாள். அவள் கை பழக்கத்தில் என் முந்தானைக்குள் போயிற்று. சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "பாப்பா பெரிய பொண்ணு" என்றாள்.

"பாத்தியா, நான் சொல்லிக் குடுத்தேன்" என்றார் நாத்தனார். அவ்வளவு பெருமை அவர் முகத்தில். எட்டு நாள் தூக்கமில்லாமல் அவர் கண்ணுக்கடியில் கறுத்திருந்தது. முதல் மூன்று ராத்திரி பிள்ளை விடாமல் அழுததையும், தோளில் போட்டுக்கொண்டு தெருவையே சுற்றியதையும் அவர் என்னிடம் சொல்லவே இல்லை. என் கணவர்தான் பிறகு சொன்னார். "சொன்னா பாதி வழியில திரும்பி வந்துடுவன்னு அக்காதான் சொல்ல வேணாம்னுச்சு."

அன்று குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என்னைத் தேடி அழுதிருக்கிறாள் என்ற சந்தோசமும் அதில் இருந்தது. அதற்காக இன்னும் கொஞ்சம் அழுதேன்.

நான்கைந்து நாளில் பால் நின்றுவிட்டது. மகள் டம்ளரில் குடிக்கிறாள், தூங்கும்போது என் காதைப் பிடித்துக்கொள்கிறாள். அடுத்த மாதம் அவளுக்கு இரண்டு வயது முடிந்தது. நன்றிப் பூசைக்குக் கொடுத்திருந்தோம். பூசை முடிந்து கூட்டம் கலைந்தபின், குரல் தேறிவந்த பங்குத்தந்தை எங்களிடம் வந்தார். மகள் தலையில் சிலுவை வரைந்தார்.

"என்னம்மா, பொருத்தன ஒரு வழியா முடிஞ்சுது. இனிமே நிம்மதிதான?"

தூணருகே நன்றி சொல்ல மறந்ததை அவரிடம் சொல்லலாம் என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தேன். சொன்னால் அவர் என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும். மனசுல நெனச்சாலே போதும்மா, மாதாவுக்குத் தெரியும் என்பார். அப்படி முடித்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. முடிந்துவிட்டால் எனக்குப் போக வேண்டிய இடம் என்று ஒன்று இல்லாமல் போய்விடும். அந்த வெள்ளைக் குகையை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த ஊரில் இன்னும் சண்டை ஓயவில்லை.

"இன்னும் முடியல ஃபாதர்" என்றேன்.

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கெடு முடிஞ்சிடுச்சே" என்றார் மெல்ல.

"தெரியும்" என்றேன்.